அவள் தலையில் யாருடைய குடம்?

தோழா!

மலைக்குச் சென்று திரும்பினார் ஒரு கனவான். இரண்டு நாள் தங்கினார், இளங்காற்றை நுகர்ந்தார், தேனும் பலாச்சுளையும் தின்றார், தெவிட்டியதும் இறங்கினார். இறங்கியவர் சும்மா இருந்தாரா? இல்லை. "அடடா! என்ன எளிமை, என்ன தூய்மை! அங்கே ஒரு சிறுமி. பத்து வயது இருக்கும். தலையிலே குடம், இடுப்பிலே தம்பி, இதழிலே புன்னகை! நகரத்துப் பிள்ளைகளுக்கு எட்டாத நல்வாழ்வு அது. சாலை போடுகிறேன், சாக்கடை கட்டுகிறேன் என்று எவரும் கிளம்பிப்போய் அந்தச் சொர்க்கத்தைக் கெடுத்துவிடாதீர்கள்" என்று செப்பினார். செப்பியதோடு நில்லாமல், தாம் எடுத்த புகைப்படத்தையும் நீட்டினார்.

படம் அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஒளியும் நிழலும் ஒத்து வந்திருக்கின்றன. ஆனால், அந்தச் சிறுமி ஏறிவந்த ஒற்றையடிப் பாதை படத்தில் இல்லை. இன்னும் ஏற வேண்டிய பாதையும் இல்லை. குடத்தின் எடை என்ன என்பதைப் படம் சொல்லவில்லை. அந்தக் குடம் யாருடையது என்று கனவானும் கேட்கவில்லை. நீயும் நானும் கேட்போம், வா!

ஜவ்வாது மலை. பெயரிலேயே மணம் வீசுகிறது, பார்த்தாயா? திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களிலே கால் பரப்பிக் கிடக்கும் குன்றுக் கூட்டம். அங்கே வாழ்வோர் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளிகள் அல்லர், பேசுவது நம் தமிழ், விதைப்பது சாமை. மலையை ஆள்வோர் என்பதால் மலையாளி என்று பெயர்க்காரணம் சொல்வாரும் உண்டு. ஆளுகிறார்களாம் மலையை! அந்த ஆட்சியின் சீரும் சிறப்பும் எப்படி இருக்கிறது என்பதை ஒரு பிள்ளையின் ஒரு நாளைக்கொண்டு பார்த்துவிடலாம். பிள்ளையின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சாலை முடிந்துபோன இடத்துக்கு அப்பால் இருக்கும் சிற்றூர்களில், எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் ஒருத்தி "என்ன?" என்று திரும்பிப் பார்ப்பாள்.

கோழி கூவும் முன் எழுகிறாள் அவள். எழுப்புவது தாய். தாய்க்கு அடுப்பு இருக்கிறது, ஆட்டுப்பட்டி இருக்கிறது, விடிந்ததும் கூலிக்குப் போக வேண்டிய கொல்லை இருக்கிறது. ஆகவே, தண்ணீர் மகளின் பங்கு. ஊற்று கீழே இருக்கிறது, வீடு மேலே இருக்கிறது. வெறுங்குடத்தோடு இறங்கும்போது துள்ளி இறங்கலாம். நிறைகுடத்தோடு ஏறும்போது ஒவ்வொரு கல்லையும் கால் விரலால் தடவிப் பார்த்துத்தான் ஏற வேண்டும். கார்காலத்திலே ஊற்று கருணை காட்டும். மாசி கழிந்தால் மாறிவிடும். அப்போது ஊற்றின் ஓரம் குந்தியிருந்து, நீர் சுரக்கச் சுரக்கக் கொட்டாங்கச்சியால் மொண்டு ஊற்ற வேண்டும். முன்னே பத்துக் குடம் வரிசையில் இருந்தால் பதினோராவது குடத்துக்குப் பொழுது புலர்ந்துவிடும்.

இங்கே ஒரு சிறு கணக்கு. கணக்கென்றால் கசப்பாயிற்றே என்று முகம் சுளிக்காதே. இந்தக் கணக்கு உனக்குப் பிடிக்கும். 2019 ஆகஸ்டு 15 அன்று இந்திய அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. வீட்டுக்கு வீடு குழாய். ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். 2024-க்குள் ஊரக இந்தியா முழுவதும் முடிந்துவிடும் என்றார்கள். கெடு வந்தது, முடியவில்லை, 2028 வரை நீட்டிக்கொண்டார்கள். நீட்டட்டும். நம் சிறுமியின் வீட்டிலே ஐந்து பேர். ஐந்து ஐம்பத்தைந்து, 275 லிட்டர். குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்று வைத்தால் பதினெட்டுக் குடத்துக்கு மேல் வருகிறது. அரசு தன் ஏட்டிலே எழுதிவைத்த அளவை அந்த வீடு எட்ட வேண்டுமானால், அந்தப் பிள்ளை பதினெட்டு முறை பள்ளத்தில் இறங்கிப் பதினெட்டு முறை மேட்டில் ஏற வேண்டும்! முடியுமா? ஆறு குடத்தோடு அவள் கழுத்து கெஞ்சுகிறது. எஞ்சிய பன்னிரண்டு குடம் எங்கே போயிற்று? துவைக்காமல் கட்டிய பாவாடையிலே, நீரை எண்ணி எண்ணிக் குடிக்கும் பாட்டியின் வறண்ட நாக்கிலே, தாய் தனக்கென்று தள்ளிப்போட்டுக்கொண்டே வரும் தலைமுழுக்கிலே போய் ஒளிந்துகொண்டது.

குழாய் வந்த ஊர்களும் அந்த மலையில் இருக்கின்றன. இல்லை என்று சொல்ல நான் பொய்யனல்லன். குழாய் வந்த ஊரில் பிள்ளைகள் விடிந்த பிறகு எழுகிறார்கள் என்பதே நான் சொல்வதற்குச் சான்று. வராத ஊரில் குழாய் செய்ய வேண்டிய வேலையைக் கழுத்து செய்கிறது. பத்து வயதுக் கழுத்து!

தண்ணீர் முடிந்தால் தம்பி. தாய் கொல்லைக்குப் போய்விட்டாள். தம்பிக்குக் களியைக் கரைத்து ஊட்ட வேண்டும், கழுவிவிட வேண்டும், கண்ணுக்கெட்டும் தூரத்திலே வைத்திருக்க வேண்டும். அப்பா எங்கே என்று கேட்பாய். அப்பா இருக்கிறார், ஊரிலே இல்லை. சாமை ஒரு போகம். அறுத்து முடித்தால் அடுத்த மழை வரைக்கும் கைக்கு வேலை கிடையாது. குடகு நாட்டுக் காப்பித் தோட்டமோ, திருப்பூர்ப் பனியன் ஆலையோ, கேரளத்துக் கட்டட வேலையோ, எங்கே கூப்பிட்டார்களோ அங்கே போயிருக்கிறார். நீ இந்த இதழைப் படித்துக்கொண்டே பருகும் காப்பியில் அவருடைய வியர்வையும் கலந்திருக்கலாம். சர்க்கரை போட்டிருப்பதால் தெரியாது.

இன்னும் சில பிள்ளைகளின் அப்பாக்களை வேறு தரகர்கள் வந்து கூட்டிப்போனார்கள். "மரம் வெட்டும் வேலை, நல்ல கூலி" என்றார்கள். மரம் என்ன மரம், காடு யாருடைய காடு என்பதெல்லாம் லாரியில் ஏறிய பிறகு தெரிந்தது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில் இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திருவண்ணாமலை, தருமபுரி, வேலூர், சேலம் மாவட்டத்துக் கூலிகள். ஜவ்வாது மலையிலிருந்து போனவர்களும் அவர்களிலே உண்டு. செம்மரத்தை விற்றுச் சீமானானவன் எவனோ! அவன் பெயரை அன்றைய செய்தித்தாளில் நான் தேடித் தேடிப் பார்த்தேன். கோடரி பிடித்தவன் பெயர்தான் இருந்தது. 'அவர்களுக்குப் பேராசை' என்றார் ஒரு பெரியவர். ஊரிலே உழைக்க வழியிருந்தால் ஊர் தாண்டி ஏன் போகிறான் என்று திருப்பிக் கேட்டேன். பெரியவருக்கு அவசர வேலை வந்துவிட்டது.

போகட்டும். சிறுமி பள்ளிக்குப் புறப்படுகிறாள். ஓடுகிறாள் என்றே சொல்ல வேண்டும். எழுத்துக்காக ஓடுகிறாள், சோற்றுக்காகவும் ஓடுகிறாள். இதிலே வெட்கப்பட ஒன்றுமில்லை. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதைத் தமிழ்நாடு மற்றவர்களுக்கு முன்பே உணர்ந்தது. 1956-ல் பகலுணவு, 1982-ல் சத்துணவு, 2022 செப்டம்பர் 15 முதல் காலை உணவு என்று வளர்ந்த வரலாறு அது. காலை உணவு முதலில் தொடங்கிய பள்ளிகளில் தொலைவிலுள்ள மலைப்பள்ளிகளும் சேர்க்கப்பட்டன என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்லதைச் சொல்ல நாக்குக் கூசக்கூடாது. ஆனால், தோழா, தட்டிலே விழுந்த சோறு பிள்ளையின் வயிற்றிலே விழ வேண்டுமானால், அந்தத் தட்டு இருக்கும் இடத்துக்குப் பிள்ளையின் கால் போய்ச் சேர வேண்டுமே!

கால் போகும் தூரத்துக்கும் சட்டம் இருக்கிறது. 2009-ல் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இயற்றினார்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்பு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் கீழ் எழுதிய விதி. கரடுமுரடான நிலமானால் தூரத்தை இன்னும் குறைக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. ஆகா, எத்தனை இரக்கம்! இனி நம் சிறுமியைப் பின்தொடர்வோம். ஐந்தாம் வகுப்பு வரை ஊரிலேயே ஓர் ஓட்டுக் கட்டடம். ஆசிரியர் கீழிருந்து ஏறி வரும் நாளில் பள்ளி, மழை அவரைத் தடுத்த நாளில் விடுமுறை. ஆறாம் வகுப்பு? அடுத்த குன்றில். ஐந்து கிலோமீட்டர் என்று வைத்துக்கொள். போக ஐந்து, வர ஐந்து. ஆண்டுக்கு 220 வேலை நாள் என்கிறது அந்தச் சட்டம். பெருக்கிப் பார். 2,200 கிலோமீட்டர். ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று வகுப்பை முடிக்க 6,600 கிலோமீட்டர். இந்தியாவின் வடகோடிக்கும் தென்கோடிக்கும் இடையே 3,214 கிலோமீட்டர் என்று பூகோளப் புத்தகம் சொல்கிறது. அந்தப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எட்டாம் வகுப்பை எட்டுவதற்குள் அந்தப் பிள்ளை இந்தியாவைத் தெற்கு வடக்காக இருமுறை நடந்துவிடுகிறாள்! பாதயாத்திரை போகும் தலைவர்களுக்கு மாலை போடுகிறோம், மத்தளம் கொட்டுகிறோம். இவளுக்கு யார் மாலை போட்டார்கள்?

நடக்க முடியாதவர்களுக்கு உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளையை அங்கே கொண்டுபோய் விடும் தாயை நீ பார்த்திருக்கிறாயா? பிள்ளையின் கையிலே ஒரு தகரப் பெட்டி. தாயின் கையிலே ஒன்றுமில்லை. அதனால்தான் அந்தக் கை நடுங்குகிறது. திரும்பிப் பாராமல் நடந்துபோய், வளைவிலே மறைந்த பிறகு மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். 'மலைவாசிகளுக்குப் படிப்பிலே நாட்டமில்லை' என்று குளிரூட்டிய அறையிலே குறிப்பெழுதும் கனதனவானே! நகரத்தில் உம் பிள்ளையைப் பள்ளிப் பேருந்து வாசலில் வந்து ஏற்றிக்கொள்கிறது. பிள்ளையின் வாசனை மாறுமுன் வீடு திரும்பிவிடுகிறது. படிப்பின் பொருட்டுப் பெற்ற பிள்ளையை ஆறு வயதிலே பிரியத் துணிந்தவளுக்கா நாட்டமில்லை?

நான் பட்டம் பெறாதவன். கல்லூரியின் வாசலுக்குள் போனேன். பாதியிலே வெளியே வந்தேன். மேடை அழைத்தது, வந்துவிட்டேன். என் கையில் இருந்ததை நானாக விட்டேன். இந்த மலைப்பிள்ளைக்கு விடுவதற்கேனும் ஒன்று கையில் கிடைத்ததா என்பதே என் கேள்வி. 2011 கணக்கெடுப்பிலே தமிழ்நாட்டின் எழுத்தறிவு நூற்றுக்கு எண்பது. பழங்குடி மக்களிடையே ஐம்பத்து நான்கு. இடையிலே இருக்கும் இருபத்தாறு பேரையும் நாட்டமின்மையா தின்றது? பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பத்தாண்டுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க முயல வேண்டும் என்று 1950-ல் நடப்புக்கு வந்த அரசியல் சட்டம் 45-ஆம் பிரிவிலே எழுதியிருந்தது. அந்தப் பத்தாண்டு 1960-லே தீர்ந்தது! கெடு தவறிய கடனுக்குக் குடியானவன் வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போவார்கள். இந்தக் கடனுக்கு எவருடைய கதவைக் கழற்றினார்கள்?

பெருந்தொற்றுக் காலத்தை நினைத்துப் பார். 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இடையிலே கைப்பேசியிலே கல்வி என்றார்கள். கைப்பேசி இல்லாத வீடு. இருந்தாலும் அலைவரிசை எட்டாத குன்று. பத்தொன்பது மாதம்! அந்தப் பத்தொன்பது மாதத்தில் அவள் ஆட்டை எண்ணக் கற்றாள். எழுத்தை மறந்தாள். மறந்தவள் மறுபடி வகுப்புக்கு வந்தபோது, 'மந்தம்' என்று மதிப்பெண் போட்டார்கள்.

மாலை. பள்ளி விட்டாயிற்று. விளையாட்டு மைதானமா காத்திருக்கிறது? விறகு காத்திருக்கிறது. சுள்ளி பொறுக்க வேண்டும், ஆட்டை ஓட்டிவர வேண்டும். சாமை கதிர் வாங்கும் பருவமானால் பரண்மீது குந்திக் குருவி விரட்ட வேண்டும். இருட்டினால் பன்றி வரும், அதற்கு அம்மா வருவாள். புளி உதிரும் பருவமானால் ஓடு உடைத்துக் கொட்டை எடுக்க வேண்டும். எடுத்துக் குவித்ததைச் சந்தையிலே வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டு வர வேண்டும். விளக்கேற்றிய பிறகு புத்தகம் திறக்கிறாள். இரண்டு வரி படிக்கிறாள். மூன்றாவது வரியிலே தலை சாய்கிறது. நீதிக்கதை பாதியிலே நிற்கிறது. நரிக்குத் திராட்சை கிடைத்ததா இல்லையா, அவளுக்குத் தெரியாது.

இதற்குக் குழந்தை உழைப்பு என்று பெயரில்லை, கேட்டுக்கொள். 2016-ல் திருத்திய சட்டத்தின்படி, பள்ளி நேரம் போகக் குடும்பத்துக்கு உதவினால் அது உழைப்பு ஆகாது; உதவி. நானும் ஒப்புக்கொள்கிறேன். தாய்க்கு மகள் உதவுவது பண்பு. எந்தத் தாய் மகளிடம் ஒரு குடம் கேட்கவில்லை? ஆனால் இவள் யாருக்கு உதவுகிறாள் என்று கணக்கெடுத்துப் பார்த்தால் அல்லவா குட்டு வெளிப்படுகிறது! குழாய் போடாத குடிநீர்த் துறைக்கு உதவுகிறாள் காலையிலே. பாதை போடாத நெடுஞ்சாலைத் துறைக்கு உதவுகிறாள் பகலிலே. மலையூருக்கு ஒரு குழந்தைகள் மையம் கட்டாத துறைக்காகத் தம்பியை இடுப்பிலே சுமந்து உதவுகிறாள். இத்தனை துறைக்கும் சம்பளமில்லாத கடைநிலை ஊழியர் அந்தப் பத்து வயதுப் பெண். அவளுக்கு ஓய்வூதியமும் கிடையாது, ஓய்வும் கிடையாது.

இனி, இந்த வாதத்தின் எதிர்க்கட்சிக்காரர் எழுகிறார். கனவான் அல்லர் இவர், கணக்குப்பிள்ளை. கவிதை பேசமாட்டார்; காசு பேசுவார். "நாற்பது வீட்டுக்காக நான்கு கோடியில் சாலையா? தலைக்கு எவ்வளவு ஆகிறது, தெரியுமா?" என்கிறார். தலைக்கணக்கிலே இவர் கெட்டிக்காரர். தலைமேல் இருக்கும் குடம் மட்டும் இவர் கணக்கில் வராது.

ஐயா கணக்குப்பிள்ளையே! அதே ஜவ்வாது மலையில் காவலூர் என்றோர் ஊர் இருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் அங்கே விண்ணை ஆராயத் தொடங்கினார்கள். 1986-ல் 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியை நிறுவினார்கள். வைணு பாப்பு எனும் பேரறிஞரின் பெயரைச் சூட்டினார்கள். 1988-ல் அங்கே கண்டுபிடித்த குறுங்கோள் ஒன்றுக்கு நம் கணித மேதை இராமானுஜன் பெயரை வைத்தார்கள். படிக்கும்போதே நெஞ்சு நிமிர்கிறது எனக்கு! டன் கணக்கில் எடையுள்ள கண்ணாடியைக் கீறல் விழாமல் அந்த மலைமீது ஏற்ற வழி கண்டீர்களே, அப்போது தலைக்கு எவ்வளவு என்று எந்த விண்மீனின் தலையை எண்ணினீர்கள்? கோடானுகோடிக் கல் தொலைவிலுள்ள விண்மீனைக் கண்ட மலையிலே, கூப்பிடு தூரத்துக் குடிசை தெரியவில்லையா? தொலைநோக்கியைக் குறை சொல்லவில்லை நான். அதற்குப் போட்டது போல இவளுக்கும் போடு என்கிறேன்.

சந்தனம் இறங்க வழி இருந்தது. திருப்பத்தூர்க் கிடங்கிலே மலைமலையாகக் குவித்து ஏலம் விட்டார்கள். நீலகிரியிலே வெள்ளைக்காரத் துரைமாருக்கு வெயில் பொறுக்கவில்லை. 1899-லே பல்சக்கரம் பூட்டிய இரயிலைக் குன்னூருக்கு ஏற்றினார்கள், 1908-லே உதகைக்கும் ஏற்றினார்கள். கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை போட நம் பொறியாளர்களால் முடிந்தது. ஆக, மலைமேல் ஏறத் தெரியாத நாடல்ல இது. யாருக்காக ஏறுவது என்பதிலேதான் வழக்கு.

தலைக்கணக்கு எப்படிப்பட்டது என்பதற்கு இன்னொன்று. பிரதமர் பெயரில் ஊரகச் சாலைத் திட்டம் 2000 டிசம்பர் 25-லே தொடங்கிற்று. சமவெளியானால் 500 பேர் வாழும் ஊருக்குச் சாலை. மலை மாநிலம், பாலைநிலம், ஐந்தாம் அட்டவணைப் பழங்குடிப் பகுதி போன்றவையானால் 250 பேர் போதும். ஐந்தாம் அட்டவணையிலே பத்து மாநிலத்துப் பகுதிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டின் நிலம் ஓர் அங்குலமும் அதிலே இல்லை! மலை இருக்கிறது, மக்கள் இருக்கிறார்கள், பழங்குடி என்ற சான்றும் இருக்கிறது. அட்டவணையிலே மட்டும் இடமில்லை. அந்தச் சான்றின் கூத்தும் தனிக்கூத்து. மலையாளி என்றால் பழங்குடி, ஆனால் இன்னின்ன பழைய மாவட்டங்களில் மட்டும் என்று பட்டியலிலே ஊர் பிரித்து எழுதியிருக்கிறார்கள். ஈரோட்டுப் பர்கூர் மலையிலே வாழும் மலையாளி அந்த வரிக்குள் வரவில்லை. மாமன் பழங்குடி, மச்சான் பழங்குடி அல்லன். நடுவே மாவட்ட எல்லைக் கல்!

'காடு கெட்டுவிடும்' என்று வருந்துவோர் மூன்றாமவர். இவர்களில் உண்மையாக வருந்துவோரும் உண்டு. அவர்களை நான் மதிக்கிறேன். அவர்களுக்குச் சட்டமே விடை சொல்லிவிட்டது. 2006-ல் வந்த வன உரிமைச் சட்டத்தில் 3-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவை எடுத்துப் படியுங்கள். பள்ளி, மருந்தகம், குழந்தைகள் மையம், நியாயவிலைக் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய், சாலை உள்ளிட்ட பதின்மூன்று வகைப் பணிக்கு வனநிலத்தைத் தரலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது. கிராமசபை பரிந்துரைக்க வேண்டும். ஒரு ஹெக்டேர் என்ன, அற்பமா? மூன்று மீட்டர் அகலத்திலே பாதை போட்டால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் போகும்! பல சிற்றூர்களுக்குச் சாலைமுனைக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் அவ்வளவுதான்.

பாதை இல்லாததன் விலையையும் கணக்குப்பிள்ளை தம் பேரேட்டில் எழுதிக்கொள்ளட்டும். 2023 மே மாதம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டாரம், அல்லேரி மலை. பதினெட்டு மாதப் பெண் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. பாம்பு தீண்டியது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பாதை இல்லாத மலையிலே எவ்வளவு விரைவாக ஓடிவிட முடியும்? மருத்துவமனையை அடையுமுன் உயிர் போய்விட்டது. உடற்கூறாய்வு முடித்து உடலைத் திருப்பி அனுப்பினார்கள். அமரர் ஊர்தி வந்தது. சாலை முடிந்த இடத்தில் நின்றது. இதற்கு மேல் போகாது என்று இறக்கிவிட்டது. இறந்த குழந்தையைக் கையிலே ஏந்திக்கொண்டு தாய் பல கிலோமீட்டர் மலையேறி நடந்தாள்.

நாடகம் எழுதுகிறவன் நான். இப்படி ஒரு காட்சியை நான் மேடையில் வைத்திருந்தால், 'கண்ணீருக்காக மிகைப்படுத்திவிட்டான்' என்று விமரிசகர்கள் எழுதியிருப்பார்கள். நாடு முழுவதும் அந்தப் படத்தைப் பார்த்தது. அதற்குப் பிறகு அந்த மலைக்குச் சாலை போடும் பேச்சு விரைவு கொண்டது. ஒரு குழந்தையின் பிணம் நடந்து காட்டிய பிறகுதான் ஒரு கோப்பு நடந்தது!

வாக்குக்கு மட்டும் மலை ஏறத் தெரிகிறது. 2021 சட்டமன்றத் தேர்தலின்போது தருமபுரி மாவட்டம் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதையின் முதுகில் ஏறின. ஒரு வாக்காளனும் விடுபடக்கூடாது என்னும் கடமை உணர்ச்சியைப் பாராட்டினார்கள். கழுதையைப் படம் பிடித்துப் போட்டார்கள். நானும் கழுதையைப் பாராட்டுகிறேன். ஏறிய வழியிலே ஏன் பாதை இல்லை என்று வாயுள்ள எவரும் கேட்காதபோது, வாயில்லாத அது மூச்சிரைத்தேனும் காட்டிற்று.

தோழா! அழுதுவிட்டு இதழை மடித்து வைக்காதே. வேலை இருக்கிறது உனக்கு. தமிழ்நாட்டிலே ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நீ மலையடி ஊர்க்காரனாயின், வரும் கூட்டத்துக்கு முன்பே மேலே ஏறிப் போ. பாதை இல்லாத ஊர் எது, குழாய் இல்லாத ஊர் எது, ஆறாம் வகுப்புக்கு எத்தனை தூரம் என்று கேட்டு எழுதிக்கொள். மூன்றாம் பிரிவின்படி பாதை வேண்டும் என்று தீர்மானம் எழுதி, எத்தனை மீட்டர், எத்தனை மரம் என்பதையும் அதிலே சேர்த்து, படி ஒன்றைக் கையிலே வாங்கிக்கொள். முன்பே தீர்மானம் போட்டோம், பயனில்லை என்று ஊரார் சொல்வார்கள். அப்படியானால் அந்தத் தீர்மானம் எந்த நாளில் எந்த மேசைக்குப் போயிற்று, கோட்ட வன அலுவலர் அதன்மீது என்ன எழுதினார் என்று நாளும் எண்ணும் குறித்துக் கேள். தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளில் விடை தர வேண்டும். விடை வந்தால் ஒரு படியை நம் இதழுக்கு அனுப்பு. வராவிட்டால், வரவில்லை என்று எழுதி அனுப்பு. இரண்டையும் வெளியிடுவோம், ஊரின் பெயரோடு, கோப்பின் எண்ணோடு.